16 லட்சத்துக்கு மார்க்கெட்டிங் எம்.பி.ஏ.: மனைப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் முன்

தக்கலை பக்கமிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பி.காம். முடித்து, நாகர்கோவிலில் ஒரு நிதி நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள்; சம்பளம் 20,000. சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மார்க்கெட்டிங் எடுத்து எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடக் கட்டணம் 16 லட்சம். கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதிக்கு, அவள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்ட 8 சென்ட் மனையை வங்கியில் வைக்கலாமா என்பது கேள்வி.

அண்ணாச்சி, பதிலை முதலில் சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன். அந்த வகுப்பில் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு வருடச் சம்பளம் 12 லட்சத்தை ஒட்டிக் கிடைக்கிறது என்று கல்லூரி காகிதத்தில் காட்டினால் மனையை வைக்கலாம். 8, 9 லட்சம் என்றால் கடன் அடைபடும், ஆனால் பிள்ளை பத்து வருடம் எண்ணி எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும். 6 லட்சம் என்றால் வேண்டவே வேண்டாம். அந்தச் சம்பளத்துக்குப் போய்ச் சேர இதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன. வகுப்பில் முதலாவது வந்தவருக்கு என்ன கிடைத்தது என்பது உங்களுக்கு வேண்டாத செய்தி.

16 லட்சம் என்பது கட்டணம் மட்டும்தான். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு வருடத்துக்கு 3 லட்சம் பிடிக்கும். மடிக்கணினி, ஊருக்கு வந்துபோகும் செலவு, புராஜெக்ட் அலைச்சல் என்று இன்னொரு லட்சம். ஆக 20 லட்சம். கையிலுள்ள 4 லட்சம் இதற்கே சரியாகிவிடும். கட்டணம் முழுக்கக் கடன்தான். இதோடு பிள்ளை இப்போது கொண்டுவரும் 20,000 இரண்டு வருடத்துக்கு நின்றுபோகும். அது 4,80,000. பையிலிருந்து எடுத்துக் கொடுக்காத பணம் என்பதால் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி வட்டி. கல்விக் கடனில் படிக்கும் காலத்துக்கும் அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் தவணை கிடையாது என்று சொல்வார்கள். தவணைதான் கிடையாது, வட்டி பணம் போன அன்றே ஓடத் தொடங்கிவிடும். வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்கள். வங்கி 16 லட்சத்தையும் ஒரேயடியாகத் தராது, செமஸ்டருக்கு 4 லட்சம் வீதம் கல்லூரிக் கணக்குக்கு நேரே அனுப்பும். அப்படியானால் முதல் 4 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி, அடுத்ததற்கு இரண்டரை, அதற்கடுத்து இரண்டு, கடைசிக்கு ஒன்றரை. எல்லாம் தனிவட்டியாகவே போட்டாலும் 3,78,000 வரும். தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 19,78,000 ஆகியிருக்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 26,700 கட்ட வேண்டும். கடைசியில் 32 லட்சம் கட்டியிருப்பீர்கள். கனமாக இருக்கிறதே என்று பதினைந்து வருடத்துக்கு நீட்டினால் மாதத்துக்கு 21,900 ஆகக் குறையும், மொத்தம் 39 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இதில் உங்கள் கைக்குள் இருக்கிற ஒரு விஷயம் உண்டு. முதல் செமஸ்டரில் மாத வட்டி வெறும் 3,500 ரூபாய். அடுத்த செமஸ்டரில் 7,000, பிறகு 10,500, கடைசி செமஸ்டரிலும் அதற்கப்புறம் தவணையில்லாத அந்த ஒரு வருடத்திலும் 14,000. இதை அவ்வப்போதே கட்டிவந்தால் தவணை 16 லட்சத்துக்கு மட்டும்தான் போடப்படும், மாதம் 21,600. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் மிச்சம். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை தள்ளுபடியும் தருகின்றன. அதைக் கேட்டு, கடன் அனுமதிக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். மேலாளர் வாயால் சொன்னது அவருடைய மாற்றல் உத்தரவோடு போய்விடும். 14,000 முடியாவிட்டாலும் முதல் வருடத்து வட்டியையாவது கட்டப் பாருங்கள்.

சம்பளப் பக்கம் வருவோம். கல்லூரி சொல்கிற ‘பேக்கேஜ்’ என்பது சி.டி.சி., அதாவது பிள்ளைக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. வருடம் 9 லட்சம் என்றால் மாதம் 75,000 என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பிரித்துப் பாருங்கள்: டார்கெட் முடித்தால் கிடைக்கும் தொகை ஒரு லட்சம் போல இருக்கும், அது வருடக் கடைசியில், அதுவும் முழுதாக வரும் என்று உறுதியில்லை. கம்பெனி கட்டும் பி.எஃப். ஒரு 43,000, கிராஜுவிட்டி 17,000, மருத்துவக் காப்பீடு ஒரு 10,000 இதற்குள்ளேயே அடங்கும். மீதியை 12-ஆல் வகுத்து, பிள்ளையின் பங்கு பி.எஃப்.பையும் தொழில் வரியையும் கழித்தால் கைக்கு வருவது 57,000 அளவில். தவணை 26,700 போனால் 30,000. சென்னையிலோ பெங்களூரிலோ பகிர்ந்து தங்கும் அறை, சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாம் சேர்த்து 23,000 முதல் 25,000 வரை ஆகும். மிஞ்சுவது ஐயாயிரம், ஆறாயிரம். இதே கணக்கை 6 லட்சத்துக்குப் போட்டால் கைக்கு வருவது 39,000. தவணை போக 12,300. அதில் சென்னையில் தங்கிச் சாப்பிட முடியாது, மாதாமாதம் நீங்கள்தான் தக்கலையிலிருந்து அனுப்ப வேண்டும். தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற அளவை வைத்துக்கொண்டால் கைக்கு 80,000 வர வேண்டும். அதற்கு சி.டி.சி. 12.5 லட்சம் தேவை. மேலே சொன்ன 12 லட்சம் இப்படி வந்ததுதான்.

வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்று சேர்க்கை மேசையில் அடித்துச் சொல்வார்கள். உண்மைதான், எட்டு வருடம் வரை, தொகைக்கு உச்சவரம்பு இல்லாமல் வட்டியைக் கழிக்கலாம். ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. 9 லட்சம் வாங்கும் பிள்ளைக்கு வரியே வராதபோது கழிவை வைத்து என்ன செய்வது? இந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, அந்த நடுச் சம்பளத்தை எங்கே பார்ப்பது. கல்லூரியின் பளபளப்பான விளம்பர மடலில் இருப்பது ‘அதிகபட்சம்’, ‘சராசரி’ இரண்டும். சராசரியை ஒன்றிரண்டு பெரிய சம்பளங்கள் மேலே தூக்கிவிடும். பத்துப் பேரில் ஒருவருக்கு 30 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கும் தலா 6 லட்சம் என்றால் சராசரி 8.4 லட்சம், ஆனால் அந்த 8.4 அந்த வகுப்பில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண், அதாவது ‘மீடியன்’, 6 லட்சம். உங்களுக்கு வேண்டியது அது. தேசிய தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் என்ன என்று வருடவாரியாகத் தர வேண்டும். அந்த பி.டி.எஃப். என்.ஐ.ஆர்.எஃப். தளத்திலேயே இருக்கும், கல்லூரித் தளத்திலும் போட்டிருப்பார்கள். மூன்று வருடத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது கல்லூரி தானே எழுதித் தந்த தகவல்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும். இருந்தாலும் விளம்பர மடலில் 11 லட்சம் என்று போட்டவர்கள் இங்கே 7 என்று எழுதியிருந்தால், அந்த இடைவெளியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கல்லூரி அந்தத் தரவரிசையில் இடமே பெறாமல் வேறு ஏதோ ஒரு ‘பிசினஸ் ஸ்கூல்’ விருதைக் காட்டினால் அதுவும் ஒரு பதில்.

இன்னொரு தந்திரம் ‘100 சதவீத வேலை’. வகுப்பில் 180 பேர் இருப்பார்கள். மதிப்பெண் குறைந்தவர்கள், கட்டண பாக்கி உள்ளவர்கள், சொந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரையும் கழித்து, ‘கலந்துகொண்ட 120 பேரில் 120 பேருக்கும்’ என்று போடுவார்கள். வகுத்துப் பார்க்க வேண்டியது 180-ஆல்.

சம்பளத்தைப் போலவே வேலையின் பெயரையும் பார்க்க வேண்டும். மார்க்கெட்டிங் எம்.பி.ஏ. என்றதும் பிள்ளை மனதில் வருவது பிராண்ட் மேனேஜர், விளம்பரம், பெரிய திரையில் பவர்பாயிண்ட். அந்த வேலைக்கு நேரடியாக ஆள் எடுக்கும் நுகர்பொருள் கம்பெனிகள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளுக்குத்தான் வருகின்றன. மற்ற இடங்களில் ‘மார்க்கெட்டிங்’ என்ற தலைப்பின் கீழ் வருவது பெரும்பாலும் விற்பனை: ஏரியா சேல்ஸ், வங்கியில் ரிலேஷன்ஷிப் மேனேஜர், காப்பீடு, போனில் கோர்ஸ் விற்பது. விற்பனை மட்டமான வேலை என்று சொல்லவில்லை. நல்ல மார்க்கெட்டிங் ஆட்கள் பலரும் அங்கிருந்துதான் வந்திருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். பிஸ்கட்டோ சோப்போ விற்கும் சேல்ஸ்மேன் ஒரு நாள் ‘பீட்’டில், அதாவது அன்றைக்குரிய கடை வரிசையில், 30, 40 கடை ஏறி இறங்குவார். கையில் போன் செயலி, கடைக்குக் கடை ஆர்டர். எம்.பி.ஏ. முடித்துப் போகும் பிள்ளை அந்த சேல்ஸ்மேன்களையும் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் மேய்க்கும் இடத்தில் உட்காரும். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பும் சரக்கு பிரைமரி, டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்குத் தருவது செகண்டரி. மாதக் கடைசியில் டார்கெட் எட்டவில்லை என்றால் மேலிடம் பிரைமரியைத் திணிக்கச் சொல்லும். டிஸ்ட்ரிபியூட்டரின் குடோன் நிறையும், அவர் பணம் முடங்கும், அடுத்த மாதம் பிள்ளையின் போனை எடுக்க மாட்டார். பழைய ஸ்கீம் கிளெய்ம், அதாவது கம்பெனி திருப்பித் தர வேண்டிய சலுகைத் தொகை, வராத கோபமும் இவள் தலையில்தான் விழும். முதல் இரண்டு வருடம் இதுதான் வேலை, அதுவும் எந்த ஊர் என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும். குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அனுகூலம்: தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசத் தெரிந்திருந்தால் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான டெரிட்டரிகளில் அது நன்றாகவே செல்லும். நேர்காணலில் அதைத் தானாகவே சொல்லச் சொல்லுங்கள்.

ஆகவே அந்தக் கல்லூரியில் போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் முடித்த ஐந்தாறு பேரை லிங்க்ட்இன்னில் பிள்ளையே தேடிப் பிடிக்கட்டும். கல்லூரி அறிமுகப்படுத்தும் ஆட்கள் வேண்டாம். கேட்க வேண்டியவை: வேலையின் பெயர் என்ன, எந்த ஊர், நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, முதல் வேலையில் இப்போதும் இருக்கிறாரா, கேம்பஸுக்கு வந்த கம்பெனிகளில் மூன்றாவது வருடமும் திரும்பி வருபவை எவை. ஒரே கம்பெனி 40 பேரை எடுத்திருந்தால், அதில் எத்தனை பேர் ஆறு மாதம் தாண்டினார்கள் என்று கேட்கட்டும்.

இனி மனை. 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அந்தக் கல்லூரி பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா? 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த இந்தத் திட்டத்தில், தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனங்களில் (தொடங்கியபோது 860) தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு ஜாமீனும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. இதேபோல ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் லோனுக்கும் ஒரு கல்லூரிப் பட்டியல் உண்டு, அதிலும் சொத்தில்லாமலே பெரிய தொகை கிடைக்கும், வட்டியும் குறைவு. எந்தக் கல்லூரியில் படித்தவர்கள் கடனைத் திருப்பிக் கட்டுகிறார்கள் என்று வங்கிக்குத் தெரியும். உங்கள் கல்லூரியின் பெயரைக் கேட்டதும் மேலாளர் ‘சொத்து வேண்டும்’ என்றால், ஏன் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். சேர்க்கை ஆலோசகர் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

சொத்துதான் வைக்க வேண்டும் என்றால் நம் மாவட்டத்தில் இழுக்கும் இடங்கள் சில உண்டு. வீட்டுமனை பரவாயில்லை. தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் என்றால் பல வங்கிகள் தயங்கும். கடன் கட்டாதவர் சொத்தை நீதிமன்றம் போகாமலே எடுக்க உதவும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் விவசாய நிலத்தை வங்கி கையகப்படுத்த முடியாது என்பதால். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கும், வங்கி வக்கீல் மொழிபெயர்ப்பு கேட்பார். அப்பா பெயரிலேயே இருந்து பாகம் பிரிக்காத சொத்து என்றால் உடன்பிறந்த எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். அதில் ஒருவர் துபாயிலோ குவைத்திலோ இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட பவர் பத்திரம் வந்து சேரவே வாரக்கணக்காகும். ஜூன் மாதம் முதல் செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் மே மாதக் கடைசியில் வில்லங்கச் சான்றுக்கு ஓடினால், இடையில் ஊர்க் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்பார்கள்.

கல்யாணத்துக்கு வைத்த மனை என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் முடியும் வரை அந்தப் பத்திரம் வங்கியில் இருக்கும், பிள்ளைக்கு அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இதைப் படிப்புக்குக் கொடுத்தது என்று வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டில் பேசும்போது அதே 8 சென்டை மறுபடியும் சொல்லும் நிலை வரக் கூடாது.

வேறு வழி என்ன? கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.எம். போன்ற இடம் கிடைத்தால் கட்டணம் இதைவிடக் குறைவாக இருக்காது, கூடுதலாகவே இருக்கும். ஆனால் அங்கே வரும் கம்பெனிகள் வேறு, ஜாமீன் தொல்லையும் இல்லை. 2011-இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். நமக்கு ஓர் இரவுப் பயணம்கூட இல்லை. அதே கேட் மதிப்பெண்ணை வைத்து திருச்சி என்.ஐ.டி.யின் எம்.பி.ஏ.வுக்கும் போகலாம், கட்டணம் உங்கள் 16 லட்சத்தில் பாதிகூட வராது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அரசுப் பல்கலைக்கழகத் துறைகளில் இடம் பிடித்தால், இந்தத் தனியார் கல்லூரியின் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்குள் முழுப் படிப்பும் முடியும். வேலையை விடாமல் பட்டம் மட்டும் போதும், பதவி உயர்வுக்கு ஒரு காகிதம் வேண்டும் என்றால் இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போதுமானது. ஆனால் அங்கே கேம்பஸ் வேலை எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

நானாக இருந்தால் இந்த வருடம் இந்த இடத்தை விட்டுவிட்டு, நவம்பர் கடைசி வாக்கில் வரும் கேட் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்செய்யச் சொல்வேன். மூன்று வருட அனுபவம் என்பது சேர்க்கையிலும் சரி, பிறகு வேலையிலும் சரி, நல்ல எடை. இடையில் இந்தத் துறை அவளுக்குப் பிடிக்கிறதா என்று மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் சோதித்துவிடலாம். மார்த்தாண்டம் தேனோ நேந்திரன் சிப்ஸோ விற்கும் தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு ஒரு மாதம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓட்டட்டும். நாளுக்கு 100 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும்படி வைத்து, எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு செலவானது என்று எக்செல்லில் தினமும் எழுதட்டும். முதல் முறை எல்லாரும் செய்யும் தவறு, தமிழ்நாடு முழுவதையும் குறிவைப்பது. லைக் தர்மபுரியிலிருந்து வரும், கண்ணாடிப் பாட்டில் கூரியரில் உடையும். நாகர்கோவில் தொடங்கித் திருவனந்தபுரம் வரை என்று வட்டத்தைச் சுருக்கினால் எண்கள் மாறுவதை அவளே பார்ப்பாள். இந்த ஒரு பக்க எக்செல், நேர்காணலில் ‘ஏன் மார்க்கெட்டிங்’ என்ற கேள்விக்கு மனப்பாடப் பதிலைவிட நன்றாக நிற்கும். கூகுளின் ஸ்கில்ஷாப் பாடங்கள் இலவசம்.

இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. மார்க்கெட்டிங் என்று யாராவது குறுக்கே வந்தால்: படிப்புக்குப் பின் தங்கும் காலம் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது, வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக ஏறிவிட்டது. புதியவர்களுக்குச் சற்றுக் குறைவான வரம்பு இருந்தாலும், புதிதாக மார்க்கெட்டிங்கில் நுழைபவர்களுக்கு அதை எட்டுவதே கடினம். கடன் அங்கே சம்பாதித்து அடைபடும் என்ற கணக்கில் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. ‘இன்றே முன்பணம் கட்டினால்தான் இடம்’ என்று சொல்லி ஏற்கெனவே 50,000 வாங்கியிருந்தால் அது போய்விட்டது என்று நினைத்து மேலும் கட்ட வேண்டாம். தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், வகுப்பு தொடங்கும் முன் எழுத்தில் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வரவில்லை என்றால் அதே கடிதத்தை ஏ.ஐ.சி.டி.இ.யின் குறைதீர்ப்புத் தளத்தில் ஏற்றலாம்.